கணக்குப் படிக்க ஆசைப்படும் மலைப் பிள்ளைக்கு யார் தாக்கல் சொல்வது?

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. கல்லூரியில் கணிதம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நாட்டில் உள்ள நல்ல இடங்கள் பலவும் அதற்கு முன்பே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடுகின்றன. சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ. எனப்படும் சென்னை கணிதவியல் நிறுவனம், கல்கத்தாவிலும் பெங்களூரிலும் பட்டப்படிப்பு நடத்தும் ஐ.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர எழுத வேண்டிய க்யூட் பொது நுழைவுத்தேர்வு என எல்லாவற்றுக்கும் வழக்கமாக பிப்ரவரி தொடங்கி ஏப்ரலுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

மலையில் கல்லூரிப் பேச்சே ரிசல்ட் வந்த பிறகுதான் தொடங்கும். மார்க்கைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தது என்று விசாரித்து, பஸ் வசதி பார்த்து, அப்புறம்தான் வீட்டில் முடிவெடுப்பார்கள். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது கலைக் கல்லூரி விண்ணப்பமும் பொறியியல் கலந்தாய்வும் மட்டுமே. வேறொரு வழி இருந்தது, அது போன மாதமே மூடிவிட்டது என்பது அந்த வீட்டுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

கீழ்ப்பழனி மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்திலும் மிளகு, வாழைக் காடுகளிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். ஒவ்வொரு செட்டிலும் ஒருத்தியோ ஒருவனோ வந்து, "டீச்சர், நான் காலேஜ்ல கணக்குத்தான் எடுக்கப்போறேன்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. அடுத்த சில நாளில் அம்மா வருவார். "டீச்சர், இவ கணக்குத்தான் படிப்பேங்குறா. படிச்சு என்ன வேலைக்குப் போவா? நீங்களே சொல்லுங்க" என்பார்.

அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. தினக்கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கிற தாய் வேலையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு பிள்ளையுடையது அல்ல. பதினேழு வயதில் அவளுக்கு ஆசை இருந்தால் போதும். அந்த ஆசை எங்கெல்லாம் போய்ச் சேரலாம், எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும் என்று நேரத்தோடு தாக்கல் சொல்ல வேண்டியது பள்ளி, அரசு, முன்னால் படித்துப் போனவர்கள். நாம் சொல்லத் தவறிவிட்டு, பிள்ளைக்கு லட்சியம் இல்லை என்று பேசுவது நியாயமே இல்லை.

ஆசை எங்கிருந்து வருகிறது

கணக்கு ஆசை மார்க்கிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. பிளஸ் டூ கணக்குத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 ஒரு மார்க் கேள்வி. புத்தகத்தின் பின்னால் உள்ள கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் நல்ல மார்க் வாங்கிவிடலாம், வாங்குகிறார்கள். அவர்களில் எல்லாருக்கும் கணக்கில் ஆசை இருப்பதில்லை. ஆசை உள்ள பிள்ளையை வேறு இடத்தில்தான் அடையாளம் காண முடியும்.

ஒருநாள் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்ட பீரியடில் ஒரு கேள்வி கொடுத்தேன். 1, 8, 27, 64 என்று போகும் கன எண்களை மட்டும் கூட்டி எல்லா எண்களையும் எழுத வேண்டும். எவ்வளவு குறைவான கன எண்களால் முடிகிறது என்று பார்க்க வேண்டும். 9 என்றால் 8 கூட்டல் 1, இரண்டே போதும். 16-க்கும் இரண்டு எட்டு போதும். 23 வந்ததும் வகுப்பு திணறியது. 27-ஐப் பயன்படுத்த முடியாது, பெரிதாகிவிடும். இரண்டு எட்டு போட்டால் 16, மீதி 7-க்கு ஏழு ஒன்று. ஆக ஒன்பது கன எண்கள் வேண்டும். அதற்குக் குறைவாக வழியே இல்லை. பாதிப் பேர் அத்தோடு நோட்டை மூடினார்கள். ஜன்னல் பக்கம் உட்காரும் ஒருத்தி மட்டும் பெல் அடித்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தாள். வெளியே போகும்போது கேட்டாள்: "எந்த எண்ணா இருந்தாலும் ஒன்பதுக்குள்ள அடங்கிருமா டீச்சர்? அடங்கும்னு எப்படி நம்புறது?"

1770-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங் எழுதிவைத்த கூற்று அதுதான். ஒன்பது போதும் என்று நிறுவி முடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஒன்பதும் தேவைப்படும் எண்கள் 23, 239 என்ற இரண்டே இரண்டுதான் என்பது அதற்கும் பிறகு தெரியவந்தது. கன எண்ணுக்குப் பதிலாக ஆறாம் அடுக்கை எடுத்தால் எத்தனை வேண்டும்? 73. இதை 1940-இல் நிறுவியவர் எஸ். எஸ். பிள்ளை. செங்கோட்டை அருகே வல்லம் கிராமத்தில் 1901-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஆறாம் அடுக்கு 64, மூன்றின் ஆறாம் அடுக்கு 729. 729-ஐத் தொட முடியாது. பத்து அறுபத்து நான்கு சேர்ந்தால் 640, மீதி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்று, ஆக 73. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். எந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதில்தான் எஸ். எஸ். பிள்ளையின் உழைப்பு முழுவதும் இருக்கிறது.

பல்கலைக்கழகக் கணிதம் அந்த "எப்படி நம்புறது?" என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பள்ளியில் விடை வந்தால் முடிந்தது. அங்கே விடை ஏன் சரி என்று சொல்லாதவரை எதுவும் முடிந்ததாகாது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை முதலாண்டு பகுப்பாய்வுத் தாளில் தடுமாறுவது இதனால்தான். மார்க் குறைவாக வாங்கினாலும் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அங்கே நிலைத்து நிற்கும். வீட்டில் முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த மலையிலேயே நடந்த கணக்கு

கணிதம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மலைப் பிள்ளைகள் நினைப்பதற்குக் காரணமே இல்லை. கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இயங்குகிறது. 2,343 மீட்டர் உயரத்தில் அதை அமைத்ததற்குப் பின்னால் பஞ்சத்தின் நினைவும் இருந்தது. 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் நம் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பினார்கள்.

அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சூரியப் புள்ளியின் ஓரத்திலிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து துளி விலகியிருந்தன. அந்த விலகல் அலைநீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. வாயுவின் வேகமும் ஒளியின் வேகத்தில் அதே பங்குதான். ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். அதை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் 2. சூரியப் புள்ளியிலிருந்து வாயு விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது என்பதை இந்த மலையில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டார். இன்றுவரை உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு சூரியன் வரைக்கும் போயிருக்கிறது.

நூறாண்டுக்கும் மேலாக அங்கே சேர்ந்த சூரியப் படங்களை இப்போது கணினியில் ஏற்றி ஆராய்கிறார்கள். அந்த ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். கணக்குப் படித்தால் எங்கே பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு, நான் முதலில் காட்டுவது நம் மலைமேல் இருக்கும் அந்தக் குவிமாடத்தைத்தான்.

தாக்கல் சொன்ன மனிதர்கள்

தமிழ்நாட்டுக் கணித மேதைகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் தானாக முளைத்தவர்கள் என்பதுபோல் பேசிவிடுகிறோம். அவர்கள் வாழ்க்கையைப் படித்தால், ஒவ்வொருவருக்கும் சரியான நேரத்தில் ஒருவர் வழிகாட்டியிருப்பது தெரியும்.

எஸ். எஸ். பிள்ளைக்குத் தாய் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பள்ளியில் படிக்கும்போதே தந்தையும் போய்விட்டார். ஓர் ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து உதவியதால்தான் அவர் படிப்பு நிற்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு, பட்டம் இல்லாவிட்டாலும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவருக்காகப் பேசியவர்கள் இருந்ததால் அது நடந்தது.

இன்னும் தெளிவான உதாரணம் ரசீன் பாதிரியார். பிரான்சிலிருந்து 1937-இல் வந்த இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன், எலீ கார்த்தான் என்ற பெரிய கணித அறிஞரிடம் பயின்றவர். திருச்சியில் சிறிது காலம் இருந்துவிட்டு, சென்னை லயோலா கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்தார். அங்கே அவரிடம் படித்தவர்களில் இருவர், வட ஆற்காடு தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எம். எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும். பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் வளர்ந்துவருகிறது, அங்கே போங்கள் என்று தன் மாணவர்களுக்கு வழிகாட்டியவர் ரசீன். இருவரும் 1953-இல் அங்கே சேர்ந்தார்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்று உலகம் முழுக்க அவர்கள் பெயரால் வழங்குகிறது. பிற்காலத்தில் சி.எம்.ஐ.யை உருவாக்கியவரும் அதே சேஷாத்ரிதான்.

தண்டரையிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு மாணவனுக்கு அந்தத் தாக்கல் கிடைத்தது. தாண்டிக்குடியில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி. எனக்குக் கிடைக்கவில்லை. நான் பிளஸ் டூ முடித்தது 2002-இல். சி.எம்.ஐ. 1998-லிருந்து இளநிலைப் படிப்பு நடத்திவந்தது. அப்படி ஓர் இடம் இருப்பதே எம்.எஸ்சி. முடித்து பி.எட். படிக்கும்போது விடுதித் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே எனக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். பரீட்சை எழுதிப் பார்க்கும் வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும்.

சரி, என்ன வேலை?

அம்மாக்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆசிரியர் வேலை. பி.எஸ்சி., பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியருக்கான தகுதித்தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியருக்கான டி.ஆர்.பி. தேர்வு எழுதலாம். கல்லூரியில் கற்பிக்க எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் அல்லது செட், இல்லாவிட்டால் பிஎச்.டி. வேண்டும். இது மரியாதையான வேலை, நான் விரும்பிச் செய்யும் வேலை. ஆனால் டி.ஆர்.பி. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. வரும்போது இடம் குறைவு, எழுதுபவர்கள் அதிகம். இதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைக் கணிதத்துக்கு அனுப்ப நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது புள்ளியியலும் தரவு அறிவியலும். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்திருக்க வேண்டும். அதனால் பி.எஸ்சி. கணிதம் எடுக்கும்போதே துணைப்பாடமாகப் புள்ளியியல் இருக்கும் கல்லூரியைப் பார்க்க வேண்டும். வங்கி, மருந்து, மென்பொருள் நிறுவனங்கள் தரவைப் படித்து முடிவு சொல்லும் ஆட்களைத் தேடுகின்றன. இதற்குக் கணிதத்தோடு கணினி நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் பட்டப்படிப்பை வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்த்துப் படிக்கலாம். அதில் சேர ஜே.இ.இ. மார்க் கட்டாயமில்லை, அவர்களே நடத்தும் தகுதித்தேர்வில் தேறினால் போதும்.

மூன்றாவது ஆக்சுவரி வேலை. இன்சூரன்ஸில் பிரீமியம் எவ்வளவு வைக்க வேண்டும், நாளைக்கு வரப்போகும் இழப்பீட்டுக்கு இன்று கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று கணக்கிடுபவர்கள் இவர்கள். பிளஸ் டூ முடித்ததுமே இதற்கான நுழைவுத்தேர்வை எழுதலாம். தாள்கள் கடினம், முழுத் தகுதி பெறச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் சில தாள்களை முடித்ததும் வேலையில் சேர்ந்துகொண்டே மீதியை எழுதலாம். இந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படை நிகழ்தகவு. அந்தத் துறைக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். எஸ். வரதன், சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில் ஆராய்ச்சி செய்தவர்.

நான்காவது ஆராய்ச்சி. 1962-இல் தொடங்கப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனமும், சி.எம்.ஐ., டாடா நிறுவனம், ஐ.ஐ.டி.க்களும் பிஎச்.டி. மாணவர்களுக்கு மாத உதவித்தொகை தருகின்றன. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். படிக்கும் காலத்திலேயே குடும்பத்துக்கு ஓரளவு அனுப்ப முடியும் என்பது மலையில் பலருக்குத் தெரியாத செய்தி.

நல்ல நிறுவனத்தில் இளநிலையில் இடம் கிடைக்காவிட்டாலும் ஒன்றும் முடிந்துவிடாது. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில், 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கணிதத் துறை உண்டு. கீழே இறங்கினால் பழனியிலும் காந்திகிராமத்திலும் மதுரையிலும் கணிதம் படிக்கலாம். அங்கே சேர்ந்த பிள்ளை இரண்டு பெயர்களை மறக்கக் கூடாது. ஒன்று, எம்.டி.டி.எஸ். எனப்படும் கோடைகாலக் கணிதப் பயிற்சி. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய இது, சாதாரணக் கல்லூரிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கேள்வி கேட்டுக் கேட்டே சிந்திக்கப் பழக்கிவிடுகிறது. இன்னொன்று, ஜாம் தேர்வு. பி.எஸ்சி. முடிக்கும் ஆண்டில் இதை எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பமோ முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இதையும் யாராவது நேரத்தோடு சொன்னால்தான் உண்டு.

ஓ.டி.பி. வராத ஊர்

தாக்கல் தெரிந்த பிறகும் மலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விண்ணப்பம் போட வேண்டிய பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இங்கே மிளகு பறிப்புக் காலம். வீட்டில் பெரியவர்கள் விடிந்ததும் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பாவோடு போய்விடும். முன்பு சொன்ன அந்த ஜன்னலோர மாணவிக்கு விண்ணப்பம் போட இ-சேவை மையத்துக்குப் போனோம். பெயர், பள்ளி, பிறந்த தேதி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அப்பாவின் எண்ணுக்கு ஓ.டி.பி. போனது. அவர் இருந்த தோட்டத்தில் டவர் இல்லை. மூன்று முறை மறுபடி அனுப்பியும் பயன் இல்லை. சாயங்காலம் அவர் மேடேறி வந்த பிறகு பழைய எண்கள் மொத்தமாக வந்து விழுந்தன, ஒன்றும் செல்லாது. மறுநாள் அவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அந்த விண்ணப்பம் போனது.

அடுத்தது தேர்வு மையம். கீழே சமவெளி நகரத்தில் காலைத் தேர்வு என்றால், மலை பஸ்ஸில் அன்றைக்கே போய்ச் சேருவது நடக்காத காரியம். முதல்நாளே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் கூட ஒருவர் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம், இருவருக்கும் பஸ் செலவு, சாப்பாடு, இரண்டு நாள் கூலி நட்டம் எல்லாம் சேரும். பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை என்றால், இதோடு சாதிச் சான்றுக்கு அலைவதும் சேர்ந்துகொள்ளும். சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளை கணக்கில் தோற்பதற்கு முன்பே கேள்வியின் வாக்கியத்தில் தோற்றுவிடக் கூடும்.

இதில் எதுவும் பிள்ளையின் அறிவு சம்பந்தப்பட்டது அல்ல. நாம் மனம் வைத்தால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நாள்காட்டி. மலையில் உள்ள எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் நவம்பர் மாதத்துக்குள் ஓர் அட்டை ஒட்டப்பட வேண்டும். எந்த நிறுவனம், என்ன தேர்வு, விண்ணப்பம் வழக்கமாகத் திறக்கும் மாதம், மூடும் மாதம், கட்டணம், உதவித்தொகை என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். பிளஸ் ஒன் வகுப்புக்கும் அது தெரிய வேண்டும். அரசின் நான் முதல்வன், கல்லூரிக் கனவு போன்ற வழிகாட்டி நிகழ்ச்சிகள் நல்ல காரியங்கள். மே மாதம் நடக்கும் நிகழ்ச்சியை நவம்பரிலும் ஒருமுறை மலையில் நடத்துங்கள் என்று கேட்கிறேன். அரசு மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகிப் போகும் பிள்ளைகளுக்கு இந்த விவரமும் பயிற்சியும் கிடைக்கின்றன. ஊரைவிட்டுப் போக முடியாமல் மலையிலேயே படிக்கும் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, செலவும் மையமும். நுழைவுத்தேர்வு எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் விண்ணப்பக் கட்டணம், பயணச் செலவு, ஓர் இரவு தங்கும் வசதி ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். இது பெரிய தொகை அல்ல. கணினியில் நடக்கும் தேர்வுகளுக்குக் கொடைக்கானலிலேயே ஒரு மையம் கேட்டு அரசு வலியுறுத்த வேண்டும். பல்கலைக்கழகமே இருக்கும் ஊரில் தேர்வு மையம் அமைப்பது முடியாத காரியமா?

மூன்றாவது, வாரம் ஒரு பீரியட். மார்க் இல்லாத, தேர்வில் வராத கணக்குக்கு. சி.எம்.ஐ. தன் பழைய வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றில் ஒரு கேள்வியை எடுத்து, முதலில் தமிழில் புரியவைத்து, பிறகு ஆங்கில வாக்கியத்தைப் படித்துக் காட்டி, ஏன் சரி என்று பிள்ளைகளையே சொல்லவைக்கலாம். வாரம் ஒரு கேள்வி என்று போனாலும் இரண்டாண்டில் மொழிப் பயம் பாதி குறைந்துவிடும். பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி எனக்கும் உண்டு. இதற்கு அதிகாரபூர்வமாக நேரம் ஒதுக்கினால்தான் எல்லாப் பள்ளியிலும் நடக்கும்.

நான்காவது, முன்னால் போனவர்கள். மலையிலிருந்து இறங்கி கணிதமோ புள்ளியியலோ தரவு அறிவியலோ படித்து வேலையில் இருக்கிறவர்கள், ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது உங்கள் பள்ளிக்கு ஒரு மணி நேரம் வாருங்கள். உங்கள் சம்பளம், உங்கள் வேலை, முதலாண்டில் நீங்கள் பட்ட பாடு எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் பத்து முறை சொல்வதைவிட நீங்கள் ஒருமுறை சொல்வது அம்மாக்களிடம் எடுபடும்.

பெற்றோரிடம் கடைசியாக ஒரு வார்த்தை. கணக்குப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். அதில் சுலபமான வேலை எதுவும் இல்லை, பிழைக்க வழியில்லாததும் எதுவும் இல்லை. இனிமேல் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு மூன்று கேள்விகள். என் பிள்ளை எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? அதற்குக் கடைசித் தேதி என்ன? செலவுக்கு யார் உதவுவார்கள்? நவம்பர் பிறந்ததும் பள்ளிக்கு வந்து தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், கணக்கு டீச்சரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த வாரமும் வந்து கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் வேலை, அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.